இரண்டு கடலுக்கும் ஒரே வெட்டு

பாட்டு மூன்று நிமிஷம் பதினோரு நொடி.
கையில் இருப்பது நாற்பத்தேழு துண்டு.
அதில் ஆறு துண்டின் ஓரத்தில்
பூவலிங்கத்தின் விரல்
இறால் மீசை மாதிரி ஆடுகிறது.

சர்வே ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம்
கட்டம் போட்டேன்.
மேலே நொடி, கீழே படம்,
வெட்டுகிற இடமெல்லாம் பென்சிலில்.
பேனா வேண்டாம்,
கச்சான் திரும்பினால் எல்லாம் மாறும்.

மண்டபத்தில் படம் எடுக்கிறவனுக்கு
ஒரு வசதி, ஒரு வம்பு:
ஊருக்குத் தெற்கே ஒரு கடல், வடக்கே ஒரு கடல்.
ஆடி மாசம்
தென்கடல் உலை கொதிக்கும்.
வடகடலோ
தட்டில் ஊற்றி வைத்த கஞ்சித்தண்ணி.

திட்டம் இதுதான்.
முதல் சரணம் முடியும்போது
கென்சிலின் தென்கடல் அலையில் குனிவான்,
கையளவு அள்ளுவான்.
தபேலா தொம் என்னும். வெட்டு.
நிமிர்கையில் வடகடல்.
அதே சட்டை, அதே கை, அதே ஈரம்.
நடுவில் கிடக்கிற தண்டவாளம்,
ஐஸ் கம்பெனி, கருவாடு காயும் களம்,
முகாமுக்குத் திரும்புகிற ரோடு, பரோட்டாக் கடை
எல்லாம்
நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள்
மடிந்து போகும்.

ஊர்க்காரர் கண்டுபிடிப்பார்கள்.
"தெக்க குனிஞ்சவன் வடக்க எப்படிப்பா நிமிந்தான்?"
கேட்கட்டும்.
போட்டிக்கு மார்க் போடுகிற மதுரைக்காரருக்குக்
கடல் ஒன்றுதான்.

நிழல்தான் மாட்டிவிட்டது.
இரண்டையும் ஒரே காலையில் எடுத்தோம்.
தெற்கே அவன் நிழல் வலப்பக்கம் விழுகிறது,
வடக்கே இடப்பக்கம்.
கண்ணிமைக்கிற நேரத்தில்
சூரியன் இவனைச் சுற்றி ஓடியது போல.

வடகடல் துண்டைக் கண்ணாடியாகப் புரட்டினேன்.
நிழல் சரியானது.
பின்னால் நின்ற படகில் 'அற்புத மாதா'
வலமிருந்து இடமாகத் தலைகுப்புறப் படித்தாள்.
கென்சிலினின் அப்பா பார்த்தால்
படகைக் கவிழ்த்தது நான்தான் என்பார்.
திரும்பப் புரட்டி வைத்தேன்.

பாட்டெழுதிப் பாடிய சகுபர் நிஷா
படத்தில் வரமாட்டேன் என்று முதல் நாளே சொன்னாள்.
"வீட்ல யாரும் தடுக்கல.
கேமரா பாத்தா என் தொண்டை பூட்டிக்கும், அவ்வளவுதான்."
அவள் என் பென்சிலை வாங்கினாள்.
தினம் ஐந்து வேளை மேற்கே திரும்புகிறவளுக்கு
மேற்கு எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை.
"தெக்க பாத்தா மேற்கு வலது கை.
வடக்க பாத்தா கிழக்கு வலது கை.
வடகடலை மட்டும் சாயங்காலம் எடு,
நிழல் தானா வந்து சேரும்."

மூன்று ராத்திரி மென்பொருளோடு மல்லுக்கட்டியவன்
நோட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம்
பேசாமல் இருந்தேன்.

பிறகு இன்னொன்று காட்டினாள்.
சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவில்
அவள் இழுத்த மூச்சு,
காற்றிரைச்சலைத் துடைக்கும்போது
அதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறேன்.
பழைய பதிவைத் தேடி ஒட்டினேன்.
அரை நொடிக்கும் குறைவு.
தபேலா அடியை அழித்துவிட்டு
வெட்டை அங்கே நகர்த்தினேன்.
இப்போது
அவள் மூச்சு இழுக்கும்போது தென்கடல்,
விடும்போது வடகடல்.
குனிந்தவன் நிமிர்கிற வரை
ஒரு வாத்தியமும் இல்லை.
சரியா தப்பா தெரியவில்லை.
ஏழு தடவை ஓட்டிப் பார்த்தோம்.
ஏழாவதில் பூவலிங்கம்
பரோட்டா மெல்லுவதை நிறுத்தினான்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
நாளைச் சாயங்காலம் வடகடல்,
நாலரைக்கு, வெயில் சாயுமுன்.
கட்டத்தில் எழுதினேன்:
கென்சிலின், நீலச் சட்டை,
பாக்கெட்டில் கணவாய் மைக் கறை இருந்தாக வேண்டும்.

போன் போட்டேன்.
"சட்டையத் தொட்றாத, துவைக்காத."
அந்தப் பக்கம் பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம்.
"அம்மா ஊறப்போட்டாச்சுடா."